பதினெட்டாம் வசனத்தோடு மூடப்படும் சங்கீதம்: உடன்படிக்கை விசுவாசமும் அறச்சீற்றமும்

நம் சபைகளில் 139ஆம் சங்கீதத்துக்குத் தனி இடம் உண்டு. பிள்ளை வரத்துக்காக ஜெபிக்கிற வீட்டில் அதை வாசிப்பார்கள். பிறந்த குழந்தையை முதன்முதலாக ஆலயத்துக்குக் கொண்டுவரும் நாளிலும் வாசிப்பார்கள். தாயின் கருவில் உருவான விந்தை, விடியலின் சிறகுகள், மணலை மிஞ்சும் தேவ நினைவுகள் என்று உருக்கமாக வாசித்துக்கொண்டு வருபவர், பெரும்பாலும் 18ஆம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடுவார். சங்கீதத்தில் மொத்தம் 24 வசனங்கள். மூடப்பட்ட பக்கத்தில் இருப்பது, துன்மார்க்கனை அழித்துவிடும்படி தேவனிடம் கேட்கும் குரல். கர்த்தரைப் பகைப்பவர்களைத் தானும் முழுமையாகப் பகைப்பதாக அறிவிக்கும் குரல். அதே வாய், அதே மூச்சு. கருவறையின் விந்தையைப் பாடியவன்தான் இதையும் பாடுகிறான்.

19 முதல் 22 வரையுள்ள இந்த நான்கு வசனங்களை என்ன செய்வது என்பது சிறிய கேள்வி அன்று. 35, 58, 59, 69, 79, 83, 109, 137 என்று நீளும் சங்கீதங்களில் இதே அனல் வீசுகிறது. வாழ்த்தும் புலம்பலுமாக ஓடும் பல பாடல்களிலும் நடுவே ஓரிரு வரி சட்டென்று தீப்பிடிக்கிறது. 150 சங்கீதங்களில் இந்த வெப்பம் படாத பகுதியைப் பிரித்தெடுக்கப் போனால் புத்தகமே கந்தலாகிவிடும். ஆனாலும் பிரித்தெடுக்க முயன்றவர்கள் உண்டு. 1784இல் அமெரிக்க மெத்தடிஸ்டுகளுக்காக ஆராதனைப் புத்தகம் தொகுத்த ஜான் வெஸ்லி, கிறிஸ்தவ சபையின் வாயில் வரத்தகாதவை என்று கருதிப் பல சங்கீதங்களை விட்டுவிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1971இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை 58, 83, 109 ஆகிய மூன்றையும் முழுதாகவே நீக்கியது; நாம் பேசிக்கொண்டிருக்கும் 139:19-22ம் அதில் இல்லை. வெட்டியவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். ஜெபிப்பவர்களின் மனம் நோகக் கூடாது என்ற கரிசனையால்தான் வெட்டினார்கள். என் கருத்தில், நோயைக் கண்டு பயந்து மருந்தையும் சேர்த்து எறிந்துவிட்டார்கள்.

இந்தச் சீற்றத்தைப் புரிந்துகொள்ள விசுவாசம் என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். சபைக்குள் அந்தச் சொல்லுக்கு நம்பிக்கை என்றே பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். தெருவில் அதன் பொருள் வேறு. ராஜவிசுவாசம் என்கிறோம். எஜமானுக்கு விசுவாசமானவன் என்கிறோம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாமல், ஆபத்தில் பக்கம் மாறாமல், ஒருவர் பக்கம் நின்றவர் நின்றபடியே இருப்பதுதான் விசுவாசம். சங்கீதங்களின் உலகத்துக்கு இந்தத் தெருப்பொருள்தான் நெருக்கமானது. எபிரெயத்தில் ஹெசெத் என்றொரு சொல் உண்டு. பழைய ஏற்பாட்டில் சுமார் 250 இடங்களில் வரும் அந்தச் சொல்லில் ஏறத்தாழப் பாதி சங்கீதப் புத்தகத்திலேயே இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமம் அதைப் பெரும்பாலும் கிருபை என்கிறது. திருவிவிலியம் பேரன்பு என்கிறது. இரண்டும் அழகான சொற்கள். ஆனால் உடன்படிக்கை செய்த இருவர் ஒருவரையொருவர் கைவிடாமல் இருப்பது என்ற உறுதி இரண்டிலும் சற்று மங்கித்தான் தெரிகிறது.

உடன்படிக்கை என்பது அந்தக் காலத்தில் வெறும் பக்திச் சொல் அல்ல, அரசியல் சொல். பேரரசனும் சிற்றரசனும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் களிமண் பலகைகளில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. என் நண்பனுக்கு நண்பனாகவும் என் பகைவனுக்குப் பகைவனாகவும் இரு என்பது ஏத்தியர் ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. அசீரிய அரசன் எசரத்தோன் கி.மு. 672இல் தன் மகன் அசூர்பனிபாலுக்காகச் சிற்றரசர்களிடம் வாங்கிய சத்தியப் பலகைகள் 1955இல் நிம்ருதில் தோண்டி எடுக்கப்பட்டன. அசூர்பனிபாலை உங்களைப் போலவே நேசிக்க வேண்டும் என்று அவை கட்டளையிடுகின்றன. மீறினால் விழப்போகும் சாபங்கள் அவற்றில் பத்தி பத்தியாக நீள்கின்றன. அந்தப் பலகைகளில் நேசம் என்றால் பக்கம் நிற்பது, பகை என்றால் பக்கம் மாறுவது. உபாகமம் கட்டளையிடும் தேவ அன்புக்கும் இந்த ஒப்பந்த மொழிக்கும் உள்ள உறவை வில்லியம் மோரன் 1963இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. அதன்பின் இந்த வசனங்களைப் பழையபடி வாசிக்க முடியாது.

இனி 139ஆம் சங்கீதத்துக்குத் திரும்புவோம். உம்முடைய பகைவர் எனக்கும் பகைவர் என்று அவன் சொல்லுவது, நரம்பு புடைத்து மனிதன் கத்துகிற வசை அன்று, சத்தியப் பிரமாணம். சிற்றரசன் பேரரசன் முன் நின்று சொல்லும் வார்த்தையை இவன் தேவன் முன் நின்று சொல்லுகிறான். யாரைப் பகைக்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். வரப்புத் தகராறு செய்த பக்கத்து வயல்காரனை அல்ல. இரத்தம் சிந்துகிறவர்களை, தேவ நாமத்தைத் தங்கள் சதிக்குக் கருவியாக்குகிறவர்களை. அதைச் சொல்லி முடித்த மறுகணமே, அடுத்த இரண்டு வசனங்களில், தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி தேவனிடம் கேட்டு நிற்கிறான். தனக்குள்ளேயே வேதனை உண்டாக்கும் வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுகிறான். பகைவனைச் சுட்டிய விரல் மடங்கித் தன் மார்பைத் தொடுகிறது. 18ஆம் வசனத்தில் நிறுத்துகிறவர் சீற்றத்தை மட்டும் இழப்பதில்லை. 23ஐயும் 24ஐயும் பின்னால் தனியே எடுத்து மனந்திரும்புதலின் ஜெபமாகப் பாடினாலும், எதற்குப் பிறகு அந்த ஜெபம் எழுந்தது என்பது தெரியாமல் போய்விடுகிறது.

7ஆம் சங்கீதம் இதையே இன்னும் கடுமையாகச் செய்கிறது. எதிரியை நியாயந்தீர்க்கக் கேட்பதற்கு முன், நான் தீமை செய்தவனானால் எதிரி என்னைப் பிடித்துத் தரையில் மிதிக்கட்டும் என்று தன்மேலேயே சாபத்தை வைத்துக்கொள்ளுகிறான். நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கிறவன் தன் கணக்கையும் திறந்து வைத்தாக வேண்டும் என்பதுபோல.

வைராக்கியம் என்ற சொல்லை இங்கே ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம். தேவனுடைய வீட்டின்மேல் கொண்ட பற்று தன்னை எரித்துத் தின்கிறது என்று 69ஆம் சங்கீதம் சொல்லும் இடத்தில் தமிழ் வேதாகமம் பக்திவைராக்கியம் என்று எழுதியது. வடமொழியில் வைராக்கியம் என்றால் பற்று நீங்கிய நிலை, துறவியின் குணம். தமிழ்ப் பேச்சில் அது விடாப்பிடியான உறுதியாக மாறிவிட்டது. இந்த மாற்றத்தை மொழிபெயர்த்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களோ இல்லையோ, இரண்டு பொருளும் சேர்ந்தே இந்தச் சங்கீதத்துக்குப் பொருந்துகின்றன. தன் மானத்தின்மேல் உள்ள பற்று தணிந்தவனுக்கே தேவனுடைய மானத்துக்காக எரியும் தகுதி உண்டு. 119ஆம் சங்கீதத்தில் இதன் அளவுகோல் கிடைக்கிறது. வேதத்தை விட்டு விலகியவர்களைக் கண்டு உள்ளம் கொதிப்பதாக 53ஆம் வசனம் சொல்லுகிறது. அதே மக்களை நினைத்துக் கண்களிலிருந்து நீர் ஆறாக ஓடுவதாக 136ஆம் வசனம் சொல்லுகிறது. இரண்டையும் பாடியவன் ஒருவனே. அழத் தெரியாதவனின் கோபத்தை நான் நம்புவதில்லை. இது என் சொந்த அளவுகோல் அன்று, 176 வசனமுள்ள அந்தச் சங்கீதம் கற்றுத் தந்தது.

சீற்றம் எங்கே கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. 94ஆம் சங்கீதம் எபிரெயத்தில் தேவனைப் பழிவாங்குதலின் தேவன் என்றே அழைத்துத் தொடங்குகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பழி என்ற சொல்லைத் தொடவில்லை. நீதியைச் சரிக்கட்டுகிறவர் என்று மாற்றியது. கூச்சத்தால் செய்த மழுப்பல் என்று ஒருவர் குறை சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நாகாம் என்ற அந்த எபிரெயச் சொல் பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர், சாய்ந்துபோன தராசை நேராக்குவதைக் குறிக்கிறது. சரிக்கட்டுதல் என்று நம் கடைக்காரரும் கணக்குப்பிள்ளையும் பேசும் சொல் அங்கே கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சங்கீதத்தில் கொல்லப்படுகிறவர்கள் விதவைகள், அந்நியர், திக்கற்ற பிள்ளைகள். அவர்களுடைய கணக்கைச் சரிக்கட்ட ஊரில் யாரும் இல்லை. ஆகவே மேல்முறையீடு மேலே போகிறது.

இதன் உச்சம் 109ஆம் சங்கீதம். சங்கீதங்களில் மிகக் கொடூரமான சாபங்கள் அதில்தான் உள்ளன. பிள்ளைகள் தகப்பனற்றவர்களாக, மனைவி விதவையாக, கடன்காரன் சொத்தை வாரிக்கொள்ள, பரம்பரையே அற்றுப்போக. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் ஐந்து வசனங்களில் பகைவர் பன்மையில் வருகிறார்கள். 6ஆம் வசனத்தில் திடீரென்று ஒருமை: அவன், அவனுடைய பிள்ளைகள், அவனுடைய மனைவி. 20ஆம் வசனத்தில் மறுபடியும் பன்மை. அப்படியானால் நடுவே வரும் சாபங்கள் சங்கீதக்காரன் சொல்வதல்ல, அவனுடைய எதிரிகள் அவன்மேல் ஏவிய சாபங்களை அவன் தேவனிடம் அப்படியே ஒப்பிக்கிறான் என்று சில அறிஞர்கள் வாசித்தார்கள். 1989இல் வந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு அவர்கள் சொல்லுகிறார்கள் என்ற பொருளில் இரண்டு சொற்களை 6ஆம் வசனத்தில் சேர்த்தே விட்டது. இலக்கணம் அந்த வாசிப்புக்கு இடம் தருகிறது. ஆனாலும் எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை, ஏனென்றால் 20ஆம் வசனத்தில் அவன் அந்தச் சாபங்கள் அவர்கள்மேலேயே திரும்பட்டும் என்றுதானே கேட்கிறான்? சாபத்தை யார் வாயில் வைத்தாலும் கசப்பு குறையவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 4ஆம் வசனம். அன்புக்குப் பதில் பகை கிடைத்தது என்று சொல்லிவிட்டு, எபிரெயத்தில் இரண்டே சொல்லில் முடிக்கிறான். நானோ ஜெபம், அவ்வளவுதான். ஜெபிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கையில் கல் இல்லை, பின்னால் ஆள் இல்லை. மிச்சமிருக்கும் ஆயுதம் முழுவதும் அந்த வாய்தான், அதுவும் தேவனை நோக்கித் திறந்த வாய்.

35ஆம் சங்கீதக்காரனும் இப்படித்தான். இன்று யாரைக் குறித்து முறையிடுகிறானோ, அவர்கள் நோயில் கிடந்தபோது சாக்குடுத்தி உபவாசித்தவன் அவன். பெற்ற தாய்க்குத் துக்கம் கொண்டாடுகிறவனைப்போல் தலைகுனிந்து நடந்தவன். பகைக்கும் முன் நேசித்துப் பார்த்தவன்.

தாவீதின் வாழ்க்கையில் பழியைத் தேவனிடம் விட்டுவிடுவது எவ்வளவு இழுபறியாக இருந்தது என்பதை 1 சாமுவேல் 24, 25, 26 ஆகிய அதிகாரங்களை அடுத்தடுத்து வாசித்தால் தெரியும். குகையில் சவுல் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தும் தாவீது சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு விட்டுவிடுகிறான். அடுத்த அதிகாரத்திலேயே, நாபால் என்ற பணக்காரன் உணவு தர மறுத்து அவமானப்படுத்தினான் என்பதற்காக, 400 பேருக்கு வாளைக் கட்டச் சொல்லி, அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளையும் மிஞ்சக் கூடாது என்று புறப்படுகிறான். அபிகாயில் என்ற பெண் அப்பமும் திராட்சரசமும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு வழிமறித்து நின்றிராவிட்டால், சங்கீதக்காரன் என்று நாம் அழைப்பவன் அன்று கொலைகாரன் ஆகியிருப்பான். தன்னை வேட்டையாடிய ராஜாவை விட்டவன், தன்னை இழிவாகப் பேசிய ஒருவனை விட முடியாமல் தடுமாறுகிறான். உயிருக்கு வந்த ஆபத்தைவிட மானத்துக்கு வந்த அடிதான் அறச்சீற்றம் என்ற வேடத்தை எளிதில் போட்டுக்கொள்ளும். ஊழியத்தில் இருப்பவர்கள் இந்த மூன்று அதிகாரங்களை வருடம் ஒருமுறையாவது சேர்த்து வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சங்கீதங்களின் கோபம் மனிதர்மேல் மட்டும் பாய்வதில்லை. 44ஆம் சங்கீதத்தில் ஜனங்கள் தேவனையே கேள்வி கேட்கிறார்கள்: உடன்படிக்கைக்கு நாங்கள் துரோகம் செய்யவில்லை, ஆனாலும் உம்மாலே நாங்கள் வெட்டப்படும் ஆடுகளாகிறோம், ஏன் தூங்குகிறீர்? 89ஆம் சங்கீதம் இன்னும் துணிவானது. ஹெசெத் என்ற சொல்லை ஏழு முறையும், உண்மை என்று பொருள்படும் எமூனா என்ற சொல்லை ஏழு முறையும் அது வைத்திருக்கிறது. தாவீதுக்குக் கொடுத்த வாக்கை 37ஆம் வசனம் வரைக்கும் செங்கல் செங்கலாக அடுக்கிவிட்டு, 38ஆம் வசனத்தில் நீரோ அதை உதறிவிட்டீர் என்று திரும்புகிறது. பக்கம் மாறாமல் நிற்பவன்தான் இப்படிச் சண்டை போட முடியும். விட்டுப் போகிறவன் சண்டை போடமாட்டான், போய்விடுவான்.

137ஆம் சங்கீதத்தை யாரும் சுலபமாகக் கடந்துவிட முடியாது. கி.மு. 587இல் எருசலேம் விழுந்தபின் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பாட்டு அது. ஒன்பதே வசனங்கள். கின்னரங்களை மரங்களில் தொங்கவிட்ட காட்சியை உலகமே பாடியிருக்கிறது. கடைசி வசனத்தில் பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்கிறது. பாக்கியவான் என்று பெயர்க்கப்படும் அந்தச் சொல்தான் முதலாம் சங்கீதத்தைத் திறந்துவைக்கும் சொல். ஓரிகெனும் அகஸ்டீனும் அந்தக் குழந்தைகளை மனதில் முளைக்கும் தீய எண்ணங்கள் என்று வாசித்தார்கள். முளையிலேயே அவற்றைக் கிறிஸ்து என்ற கன்மலையில் மோதிவிட வேண்டும். பெனடிக்டின் துறவியர் ஒழுங்கும் இதை ஏற்றுக்கொண்டது. துறவிக்கு அது பயனுள்ள அறிவுரை. ஆனால் அந்தப் பாட்டை முதலில் பாடிய தாய், தன் சொந்தக் குழந்தையை அப்படி மோதக் கண்டவளாக இருக்கலாமே! பாபிலோன் செய்ததற்குப் பதில் செய்யப்படட்டும் என்றுதான் 8ஆம் வசனம் சொல்லுகிறது. உருவகமாக்கினால் அவளுடைய வாயைப் பொத்திவிடுகிறோம்.

அறச்சீற்றம் என்றதும் தமிழ் மனம் கண்ணகியிடம் போகும். மதுரையை எரித்தபோதும் முதியவரையும் குழந்தைகளையும் தீ தொடக் கூடாது என்று அவள் வரம்பு கட்டினாள். சங்கீதக்காரி அந்த வரம்பைக் கட்டவில்லை என்பது உண்மை. அவள் தீயும் வைக்கவில்லை என்பதும் உண்மை. கையாலாகாத ஒருத்தி ஆற்றங்கரையில் உட்கார்ந்து தேவனிடம் சொன்ன வார்த்தை அது. அந்த வார்த்தை நல்ல வார்த்தை என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்லுவதற்கு அவளுக்கு இருந்த ஒரே இடத்தையும் பறிக்கக் கூடாது என்றுதான் சொல்லுவேன்.

யூத மரபே இந்தச் சாபங்களோடு போராடியிருக்கிறது. தல்மூதில் ஒரு வீட்டுக் காட்சி உண்டு. அக்கம்பக்கத்து முரடர்கள் தந்த தொல்லை தாங்காமல் ரபி மெயீர் அவர்கள் சாக வேண்டும் என்று ஜெபிக்கிறார். மனைவி பெரூரியா அவரைத் தடுக்கிறாள். 104ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தில் ஒழிய வேண்டும் என்று சொல்லப்படுவது பாவிகளா, பாவங்களா என்று கேட்கிறாள். எழுத்து ஒன்றுதான், உயிர்க்குறியை மாற்றினால் பொருள் மாறும். பாவங்கள் ஒழிந்தால் பாவிகள் இருக்கமாட்டார்களே என்கிறாள். அவர் அவர்களுக்காக ஜெபித்தார், அவர்கள் திருந்தினார்கள். பகைவரின் தீமையைப் பகைக்க வேண்டும், ஆளை அல்ல என்று பின்னாளில் அகஸ்டீன் 139ஐ விளக்கியபோதும் இந்த வழியில்தான் நடந்தார்.

சாபத்தை ஜெபத்திலிருந்து பிடுங்கி வெளியே கொண்டுவந்தவர்களின் வரலாறு வேறு. 1650 செப்டம்பரில் டன்பார் போர்க்களத்தில் ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல் 68ஆம் சங்கீதத்தின் தொடக்க வரியை முழங்கினார். எதிரே நின்ற ஸ்காட்லாந்துப் படையும் அதே சங்கீதங்களைப் பாடி வளர்ந்த படைதான். 2009இல் அமெரிக்காவில் ஒபாமாவுக்காக ஜெபியுங்கள் என்று எழுதி, கீழே 109:8 என்று மட்டும் அச்சிட்ட சட்டைகளும் கார் ஒட்டுவில்லைகளும் விற்றன. அந்த வசனம் ஒருவனுடைய நாட்கள் குறுகட்டும் என்கிறது. அடுத்த வசனம் பிள்ளைகளைத் தகப்பனற்றவர்களாக்குகிறது. தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி கேட்கும் வசனத்துக்கு அந்தச் சட்டையில் இடமில்லை.

சங்கீதங்களுக்குள்ளேயே வாள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 149ஆம் சங்கீதம் பரிசுத்தவான்களின் கையில் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தைக் கொடுக்கிறது. 106ஆம் சங்கீதம் பினெகாசைப் புகழ்கிறது. எண்ணாகமத்தில் அவன் ஈட்டியால் இருவரைக் குத்திக் கொன்றவன். ஆனால் அந்தச் சங்கீதம் ஈட்டியைச் சொல்லவில்லை. அவன் எழுந்து நின்று செய்ததாக அது வைக்கும் வினைச்சொல், நடுநின்று தீர்ப்பதையும் குறிக்கும். ஜெபம் என்ற எபிரெயச் சொல் பிறப்பதும் அதே வேரிலிருந்துதான். பினெகாஸ் ஜெபித்தான் என்றே சில பழைய மொழிபெயர்ப்புகள் அதைப் பெயர்த்தன. ஈட்டியை மறைக்கப் பார்த்தார்கள் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தன் கதையிலிருந்த ஈட்டி அந்தச் சமூகத்துக்கே உறுத்தியிருக்கிறது.

புதிய ஏற்பாடு சாப சங்கீதங்களை ஒதுக்கிவிட்டது என்று நினைப்பவர்கள் 69ஆம் சங்கீதத்தின் பயணத்தைப் பார்க்க வேண்டும். ஆலயத்தைச் சுத்திகரித்த இயேசுவின் வைராக்கியத்துக்கு யோவான் அதைச் சாட்சியாக அழைக்கிறார். சிலுவையில் நீட்டப்பட்ட காடி அதிலிருந்து வருகிறது. யூதாசின் பாழான குடியிருப்புக்குப் பேதுரு அதையும் 109ஐயும் எடுக்கிறார். ஆனால் அந்தச் சங்கீதத்தில் காடி குடித்தவன் சபிக்கிறான். சிலுவையில் காடி குடித்தவரோ மன்னிப்பு வேண்டினார். இந்த இடைவெளியை எந்த விளக்கவுரையும் எளிதாக மூடிவிடக் கூடாது.

1958இல் சி. எஸ். லூயிஸ் சங்கீதங்களைப் பற்றி எழுதியபோது இந்தப் பகையை அருவருப்பானது என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் அநியாயத்தைக் கண்டு கோபமே வராத மனம் அதைவிட மோசமான நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். நன்மை தீமையைக் குறித்த அக்கறை அதிகமானதால்தான் சங்கீதக்காரர்கள் இவ்வளவு சபித்தார்கள் என்பது அவர் கணிப்பு. குரோவேஷியரான மிரோஸ்லாவ் வோல்ஃப் யுகோஸ்லாவியப் போருக்குப் பின் 1996இல் எழுதியபோது, கோபம் கொட்டப்பட வேண்டிய இடம் தேவசந்நிதிதான் என்றார். லூயிஸைவிட அவர் எனக்கு நெருக்கமாகப் படுகிறார், ஏனென்றால் எரிந்த வீடுகளின் ஊரிலிருந்து வந்தவர் அவர்.

அவருக்கும் முன்பே அந்த இடத்தில் நின்றவர் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர். 1937 ஜூலை 1 அன்று, நாசி ஆட்சியை எதிர்த்த போதகர் மார்ட்டின் நீமோலர் கைதானார். பத்து நாள் கழித்து, ஜூலை 11 அன்று, தான் போதகர்களைப் பயிற்றுவித்த ஃபிங்கன்வால்டேயில் போன்ஹோஃபர் 58ஆம் சங்கீதத்தை எடுத்துப் பிரசங்கித்தார். எந்தச் சபையும் தொடத் தயங்குகிற சங்கீதம் அது. பழியைத் தேவனிடம் முழுதாக ஒப்படைத்தவன்தான் இதை ஜெபிக்க முடியும், குற்றமில்லாத ஒருவருக்கே இந்த ஜெபம் உரியது, அவர் கிறிஸ்து, அந்தப் பழி விழுந்ததும் அவர்மேல்தான் என்பது போன்ஹோஃபர் சொன்னதன் சாரம். அடுத்த ஆண்டு நவம்பரில் ஜெர்மனியெங்கும் ஜெப ஆலயங்கள் எரிந்தன. அவருடைய வேதாகமத்தில், தேசத்திலுள்ள ஆலயங்களையெல்லாம் சுட்டெரித்ததைச் சொல்லும் 74ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்தின் ஓரத்தில் 9.11.38 என்று தேதி மட்டும் எழுதியிருக்கிறது. விளக்கம் இல்லை, சாபமும் இல்லை. சங்கீதங்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1940இல் வந்தது. அவர் உயிரோடிருக்கையில் வெளியான கடைசிப் புத்தகம் அதுதான்.

பழியைத் தேவனிடம் விட்டுவிடச் சொன்ன அதே மனிதர் பின்பு ஹிட்லரை வீழ்த்தச் சதிசெய்தவர்களோடு சேர்ந்தார். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். 1943 ஏப்ரலில் கைதாகி டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து பெற்றோருக்கு எழுதிய கடிதமொன்றில், பல வருடங்களாகச் செய்வதுபோலவே சங்கீதங்களைத் தினமும் வாசித்துவருவதாகத் தெரிவித்தார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்புர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். தேதி குறித்த அந்த ஓரத்துக்கு அடுத்த வசனம், இது எதுவரைக்கும் என்று அறிந்தவர் எங்களிடத்தில் ஒருவரும் இல்லையே என்று ஏங்குகிறது.